சொற்செயலி அமைப்புகளை இடமாற்றுதல்

சொற்செயலி அமைப்புகளை இடமாற்றுதல் என்பது, ஒரு கணினியின் சொற்செயலியில் பயனர் தம் தேவைக்கேற்ப உருவாக்கிய அமைப்புகளைப் புதிய கணினிக்குக் கொண்டுசெல்லும் செயற்பாடு ஆகும். ஆவணக் கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் இவ்வமைப்புகள் உடன் வருவதில்லை. அவை பயனர் கணக்கின் தனிக் கோப்புறைகளில் சேமிக்கப்படுவதே இதற்குக் காரணம். பழைய கணினியின் வன்தட்டை அழிக்கும் முன் இவற்றை எடுத்துவைக்காவிடின் பல ஆண்டு உழைப்பு இழக்கப்படும்.

இடமாற்ற வேண்டியவை

* வார்ப்புருக்கள் (கடிதத் தலைப்பு, கிரையப் பத்திரம், விண்ணப்பம் முதலியன)
* பாணிகள், குறுக்குவிசைகள், குறுநிரல்கள்
* தன்னியக்கத் திருத்தப் பட்டியல்
* பயனர் அகரமுதலி
* எழுத்துருக்களும் விசைப்பலகை மென்பொருளும்

மைக்ரோசாப்ட் வேர்ட்

வேர்டில் பாணிகள், குறுநிரல்கள், குறுக்குவிசைகள் ஆகியன 'நார்மல்' எனப்படும் அடிப்படை வார்ப்புருவில் சேமிக்கப்படுகின்றன. விண்டோஸ் இயங்குதளத்தில் இது பயனரின் 'ஆப்டேட்டா' கோப்புறையினுள் மைக்ரோசாப்ட், டெம்ப்ளேட்ஸ் என்னும் உட்கோப்புறைகளில் காணப்படும். ஆப்டேட்டா இயல்பாக மறைக்கப்பட்டிருக்கும். எனவே மறைகோப்புகளைக் காட்டும் தெரிவை முதலில் இயக்க வேண்டும்.

சாதாரண உரையாகச் சேர்த்த தன்னியக்கத் திருத்தங்கள் மொழிக்கொன்றாகத் தனிக் கோப்புகளில் இருக்கும். வடிவூட்டத்துடன் சேர்த்தவை நார்மல் வார்ப்புருவிலேயே இருக்கும். பயனர் அகரமுதலி, வரிக்கு ஒரு சொல்லாக அமைந்த எளிய உரைக்கோப்பு ஆகும். கோப்புகளை நகலெடுக்கும்போது இரு கணினிகளிலும் வேர்ட் மூடப்பட்டிருத்தல் வேண்டும். திறந்திருப்பின், மூடும்போது அது தன்னிடமுள்ள பழைய அமைப்புகளைப் புதிய கோப்பின்மேல் எழுதிவிடக்கூடும்.

ஆபிஸ் 2003 பதிப்பில் அமைப்புகளை ஒரே கோப்பாகச் சேமிக்கும் வழிகாட்டி ஒன்று இருந்தது. 2007 பதிப்பில் அது நீக்கப்பட்டது. 2010 பதிப்பு முதல் நாடாப் பட்டையின் மாற்றங்களைத் தனிக்கோப்பாக ஏற்றுமதி செய்யலாம்.

லிப்ரே ஆபிஸ்

லிப்ரே ஆபிசில் அமைப்புகள் அனைத்தும் 'யூசர்' என்னும் ஒரே கோப்புறையில் உள்ளன. தன்னியக்கத் திருத்தம், அகரமுதலி, வார்ப்புரு ஆகியவற்றுக்கு அதனுள் தனித்தனி உட்கோப்புறைகள் உண்டு. மென்பொருளை மூடிவிட்டு இக்கோப்புறை முழுவதையும் நகலெடுத்தால் போதுமானது. இரு கணினிகளிலும் ஒரே பதிப்பு இருப்பது நல்லது.

தமிழ்ப் பயனர்களுக்கான சிக்கல்கள்

ஒருங்குறி பரவுமுன் பாமினி போன்ற எழுத்துருக்கள் அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் பெரிதும் பயன்பட்டன. இவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டுள்ளன. புதிய கணினியில் அவ்வெழுத்துரு இல்லையெனில் ஆவணம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகத் தோன்றும்.

மற்றொரு சிக்கல் எளிதில் கண்ணிற்படாதது. வாக்கியத்தின் முதலெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தாக மாற்றும் தெரிவு வேர்டில் இயல்பாக இயங்கும். பாமினியில் 'த', 'து' இரண்டும் ஒரே விசையின் சிறிய, பெரிய எழுத்துகள் ஆதலால், வாக்கியத் தொடக்கத்தில் 'தமிழ்' எனத் தட்டச்சிட்டால் 'துமிழ்' என மாறிவிடும். பழைய கணினியில் என்றோ நிறுத்தப்பட்ட இத்தெரிவைப் புதிய கணினியிலும் நிறுத்த வேண்டும். பாமினியில் உருவாக்கிய தன்னியக்கத் திருத்தங்கள் ஒருங்குறி ஆவணத்தில் பயன்படா. அவற்றை மாற்றி உள்ளிடுதல் அவசியம்.

தமிழ்நாடு அரசு 1999-இல் தமிழ்99 விசைப்பலகையையும் 2010-இல் ஒருங்குறியையும் தரமாக ஏற்றது. எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற விசைப்பலகை மென்பொருட்கள் சொற்செயலியின் பகுதிகள் அல்ல என்பதால், அவற்றைத் தனியே நிறுவ வேண்டும்.

உள்ளடக்கத்தைச் சரிபார்த்தல்

வார்ப்புருவுடன் அதிலுள்ள பழைய தகவலும் இடம்பெயர்கிறது. எடுத்துக்காட்டாக, திருக்கோவிலூர் 1993 வரை தென்னாற்காடு மாவட்டத்திலும், பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்தது. 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. முந்தைய ஆண்டுகளில் அமைத்த கடிதத் தலைப்பு அவ்வாறே நகலெடுக்கப்படின், புதிய கணினியும் பழைய மாவட்டப் பெயரையே அச்சிடும். ஊர்ப்பெயரைத் 'திருக்கோயிலூர்' என்றும் எழுதும் வழக்கம் உள்ளதால், அகரமுதலியிலும் திருத்தப் பட்டியலிலும் எவ்வடிவம் உள்ளது என்பதைக் கவனித்தல் நன்று.

பாதுகாப்பு

நார்மல் வார்ப்புருவில் குறுநிரல்கள் இருக்கக்கூடும் என்பதால் நச்சுநிரல்களும் அதன்வழிப் பரவலாம். 1999-இல் பரவிய மெலிசா நச்சுநிரல் இவ்வார்ப்புருவையே தொற்றியது. எனவே பிறர் தரும் வார்ப்புருவை ஆராயாமல் ஏற்றலாகாது. புதிய கணினியில் ஒரு மாதிரி ஆவணத்தைத் தட்டச்சிட்டு அச்சிட்டுப் பார்த்த பின்னரே பழைய வன்தட்டை அழிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஒருங்குறி
* தமிழ்99
* லிப்ரே ஆபிஸ்
* திருக்கோவிலூர்