கிண்ணத்துக்கு ஒரு ஆட்டம், சான்றிதழுக்கு இன்னொரு ஆட்டம்

புத்தூர், ஆவரங்கால், நீர்வேலி, அச்சுவேலி. வலிகாமம் கிழக்கில் இந்த ஊர்களின்ர பெயரைச் சொன்னால் யாழ்ப்பாணத்தில கனபேருக்கு ஞாபகம் வாறது ஒண்டில் வெங்காயம், இல்லாட்டிக் கரப்பந்தாட்டம். இரண்டுக்கும் காரணம் அந்தச் செம்மண்தான் எண்டு நாங்கள் பகிடியாகச் சொல்லுறனாங்கள். முழுக்கப் பகிடியும் இல்லை. கரப்பந்தாட்டத் திடலின் அளவு 18 மீற்றருக்கு 9 மீற்றர். எங்கட கணக்கில ஒரு பரப்புக் காணிக்குள்ளயே அடங்கிவிடும். கிறிக்கெற்றுக்கு மைதானம் வேணும், மைதானம் பெரும்பாலும் பெரிய பள்ளிக்கூடங்களிட்டதான் இருந்தது. கரப்பந்துக்கு ஆரோ ஒருத்தர் தோட்டம் செய்யாமல் விட்ட துண்டும், இரண்டு மரமும், ஒரு நெற்றும் போதும்.

இந்தக் கட்டுரை ஒரு கேள்வியில இருந்து தொடங்கினது. ஒரு பெடியன் ஊருக்காக ஆடுறதுக்கும், தன்னை ஆராவது பார்த்து எடுக்கவேணும் எண்டு ஆடுறதுக்கும் என்ன வித்தியாசம்? அமெரிக்காவில பேஸ்போல் ஆடுற பிள்ளையளைப் பற்றி இதே கேள்வியை இப்ப நிறையப்பேர் கேக்கினம். அங்க போக முதல் எங்கட கதையைப் பார்ப்பம்.

கரப்பந்தாட்டத்துக்கும் பேஸ்போலுக்கும் ஒரு பழைய சொந்தம் இருக்கு. 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து வை.எம்.சி.ஏ.யில் வில்லியம் மோர்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கினபோது, ஒரு போட்டிக்கு ஒன்பது இன்னிங்ஸ் எண்டுதான் விதி எழுதினார். அது பேஸ்போல் கணக்கு. இலங்கைக்கு அதைக் கொண்டுவந்ததும் வை.எம்.சி.ஏ.தான். 1916-இல் கொழும்பில் வால்ரர் கமாக் அறிமுகப்படுத்தினார். 1991-இல் அது இலங்கையின் தேசிய விளையாட்டு எண்டு அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு வரேக்க யாழ்ப்பாணம் போருக்குள்ள இருந்தது. தேசிய விளையாட்டை நல்லா ஆடத் தெரிஞ்ச ஊர்களுக்குத் தேசியப் போட்டிக்குப் போகப் பாதை இல்லை.

ஊரில ஆட்டம் எப்பிடி நடந்தது எண்டு தெரியாத ஆக்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேணும். ஒவ்வொரு குறிச்சிக்கும் ஒரு சனசமூக நிலையம், அதோட ஒட்டி ஒரு விளையாட்டுக் கழகம். காலமை பேப்பர் வாசிக்கிற இடத்தில பின்னேரம் நெற் கட்டுவினம். சுற்றுப்போட்டி எண்டால் அது பெரும்பாலும் 'அமரர் இன்னார் ஞாபகார்த்தக் கிண்ணம்' ஆக இருக்கும். இறந்தவரின்ர பிள்ளையள் ரொறன்ரோவிலோ பரிசிலோ இருந்து காசு அனுப்புவினம். நோட்டீஸ் அடிச்சு, ஒலிபெருக்கி கட்டி, மின்னொளியில இராத்திரி ஆட்டம். வெண்ட ரீமுக்குக் கிண்ணமும் கொஞ்சக் காசும். அந்தக் காசு நெற்றுக்கும் பந்துக்கும், மிச்சம் கொத்துரொட்டிக்கும் போயிடும். ஆரும் ஆரையும் தெரிவுசெய்ய அங்க வாறதில்லை. பாக்கிறது ஊர்ச்சனம் மட்டுந்தான், ஆனால் அந்தச் சனம் பத்து வருசத்துக்கு முதல் அடிச்ச ஒரு பந்தையும் மறக்காது.

இதை அப்பிடியே பொற்காலம் எண்டு எழுதிப்போட்டுப் போறதுக்கு எங்களுக்கு மனம் வரயில்லை. எந்தக் குறிச்சிக்கு எந்தக் கழகம் எண்டதில சாதி இருந்தது. ஆர் ஆற்ற திடலில ஆடலாம் எண்டதிலும் இருந்தது. பொம்பிளைப் பிள்ளையளுக்கு அந்த மின்னொளித் திடலில இடம் கிடைச்சது அருமை, அவை வேலிக்கு அங்கால நிண்டு பாத்தவை. எங்கட வலிகாமத்தில இருந்து உலக அளவில பேர் எடுத்த ஒரு ஆள் எண்டால் அது தர்ஜினி சிவலிங்கம். 208 சென்ரிமீற்றர் உயரம், 2009-இலும் 2018-இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் கோல் போட்டவர். அவருக்கு வழி திறந்தது ஊர்க் கழகம் இல்லை. பள்ளிக்கூடம், அதுக்குப் பிறகு பல்கலைக்கழகம். பெடியளுக்கு இரண்டு பாதை இருந்த இடத்தில பிள்ளையளுக்கு ஒண்டுதான் இருந்தது.

அந்த மற்றப் பாதையைப் பார்ப்பம். கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் எண்டு படிப்படியாக ஏறுற பாடசாலைப் போட்டியள். இங்க கிடைக்கிறது ஒரு தாள். ஆனால் அந்தத் தாளுக்கு இந்த நாட்டில ஒரு விலை இருக்கு. பல்கலைக்கழகத்துக்கு 40 வீதம் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் எடுக்கிற கதை எல்லாருக்கும் தெரியும். இதுக்குப் புறம்பாக, உயர்தரத்தில அடிப்படைத் தகுதி பெற்று, விளையாட்டில தேசிய அளவில சாதிச்ச பிள்ளையளுக்கு எண்டு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மிகச்சிறிய ஒரு பங்கை ஒதுக்குது. ஞாபகார்த்தக் கிண்ணம் பத்து வெண்டாலும் அந்த விண்ணப்பத்தில எழுத ஒரு கோடும் இல்லை. தேசியப் போட்டியின் சான்றிதழுக்கு இருக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஊரில ஆடுறதில ஒரு பெரிய பகுதி 'ஓவர்கேம்'. உலக விதிப்படி ஆடுறதை 'செற்றப்' எண்டு சொல்லுவம். ஓவர்கேமில கெட்டிக்காரனாக ஒருத்தன் பதினைஞ்சு வருசம் ஆடலாம், புலம்பெயர்ந்த நாடுகளிலயும் எங்கட ஆக்கள் அதைக் கொண்டுபோய் ஆடுகினம், ஆனால் தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறது செற்றப்பில இருந்துதான். ஊர் ரசிச்ச ஆட்டம் வேற, தெரிவாளர் பாக்கிற ஆட்டம் வேற.

போர்க்காலத்தில இரண்டு பாதையும் அடைபட்டது. 1995 ஒக்ரோபர் 30-ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அதுக்கு முதலே சண்டை புத்தூரைத் தாண்டிப் போயிட்டுது. 1996-இல் திரும்பி வந்த சனம் வீட்டைத் திருத்தினது, தோட்டத்தைத் திருத்தினது, பிறகு நெற் கட்டினது. 2002-இல் ஏ9 திறந்தது, 2006 ஓகஸ்ற்றில் திரும்ப மூடினது. ஊரடங்குக்குள்ள மின்னொளி ஆட்டம் எப்பிடி நடக்கும்? கொழும்பில நடக்கிற தெரிவுக்கு ஆர் போறது? அந்த வருசங்களில பதினெட்டு வயசில இருந்த பெடியளின்ர ஆட்டம் எந்தத் தாளிலயும் இல்லை.

2009-க்குப் பிறகு பார்க்க ஆக்கள் வரத் தொடங்கினம். 1904-இல் தொடங்கின யாழ் மத்திய கல்லூரி – சென். ஜோன்ஸ் கல்லூரி கிறிக்கெற் போட்டியை, எங்கட 'வடக்கின் பெரும் போர்' எண்டதை, தென்னிலங்கைப் பத்திரிகையாளரும் பார்க்க வந்தவை. மத்திய கல்லூரி மாணவன் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் ஆடினார். 2023-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்காக ஆடினார். 2018-இல் உதைபந்தாட்டத்துக்கு வடக்கு-கிழக்கு பிரீமியர் லீக் வந்தது. ஊர்க் கிண்ணத்துக்குக் காசு அனுப்பின கைகளே இப்ப ரீம்களுக்கும் காசு போட்டன.

கரப்பந்தில அந்தக் கதவு இன்னும் வேற மாதிரி. இலங்கையின் முன்னணிக் கரப்பந்தாட்ட அணிகளைப் பாருங்கோ: இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ், துறைமுக அதிகாரசபை. கெட்டிக்கார ஆட்டக்காரனுக்கு வேலையும் குடுத்து ரீமிலயும் எடுக்கினம். காலியில இருக்கிற பெடியனுக்கு அது நல்ல வாய்ப்பு. புத்தூரில இருக்கிற பெடியன் அந்த முதல் மூண்டு பெயரையும் வாசிக்கேக்க அவன்ர வீட்டில என்ன கதை நடக்கும் எண்டு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இப்ப அமெரிக்கா. அங்கயும் முதலில் இருந்தது ஊர் லீக்தான். போர் முடிச்சு வந்த படையினரின் சங்கமான அமெரிக்கன் லீஜன் 1925-இல் பிள்ளையளுக்குக் கோடை பேஸ்போல் ஆட்டத்தைத் தொடங்கினது. சின்னப் பட்டணம் ஒவ்வொண்டிலும் ஒரு ரீம், பார்க்க அயலட்டைச் சனம். 1990-களில் 'பெர்பெக்ற் கேம்' போன்ற தனியார் நிறுவனங்கள் வந்து ஷோகேஸ் போட்டிகளை நடத்தத் தொடங்கின. தாய் தகப்பன் ஆயிரக்கணக்கில டொலர் கட்டவேணும். ஒரே இடத்தில நூறு பயிற்சியாளர் இருப்பினம், கையில வேகம் அளக்கிற ராடர். ஆர் வெண்டது எண்டது அங்க பெரிய விசயம் இல்லை, பந்து என்ன வேகத்தில போனது எண்டதுதான் விசயம். இவ்வளவும் என்னத்துக்கு? அண்மைக்காலம் வரை முதல்நிலைக் கல்லூரி அணி ஒண்டுக்கு 11.7 புலமைப்பரிசில்தான், அதையும் துண்டு துண்டாப் பிரிச்சுத்தான் குடுத்தவை. 2006-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, முழங்கை, தோள்பட்டை சத்திரசிகிச்சைக்குப் போன இளம் பந்து வீச்சாளர்கள் மற்றவர்களை விடக் கூடுதலான ஷோகேஸ்களில் ஆடியிருந்ததைக் காட்டினது. ஆராவது பார்க்கினம் எண்டால் பிள்ளை முழுப் பலத்தோட எறியும்தானே.

எங்களுக்கு அந்த நிலை இன்னும் வரயில்லை. இங்க பிரச்சினை தலைகீழ்: பார்க்கிற ஆக்களே குறைவு. ஆனபடியால் 'ஷோகேஸ் கெட்டது, ஊர் ஆட்டம் நல்லது' எண்டு கனடாவில இருக்கிற மச்சான்மார் எழுதுறதை வாசிக்கேக்க எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். தாளுக்காக ஆடுறது தப்பு எண்டு சொல்லத் தாள் ஏற்கெனவே கையில இருக்கவேணும்.

எங்கட ரீமில ஒருத்தனுக்கு ஒரு முறை இரண்டும் ஒரே நாளில வந்தது. பள்ளிக்கூடத்தின்ர மாகாணப் போட்டியும், குறிச்சியின்ர இறுதியாட்டமும். கழகத்துப் பெரியாக்கள் வீட்டை போய், "தம்பி, நீ இல்லாட்டி நெற்றில ஆர் நிக்கிறது?" எண்டு கேட்டவை. தகப்பன் ஒண்டும் சொல்லயில்லை. தாய்தான், "அவன் பள்ளிக்கூடத்துக்கே போகட்டும்" எண்டவ. அவன் போனான். பள்ளிக்கூட ரீம் மாகாணத்தோட நிண்டிட்டுது, தேசியத்துக்குப் போகயில்லை. அண்டிரவு குறிச்சியும் தோத்தது. பஸ்ஸில திரும்பி வந்து இறங்கினவன் நேர வீட்டை போகாமல், சான்றிதழை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு திடலுக்கு வந்து, எங்களோட சேர்ந்து நெற் கழட்டினான்.