மஸ்கோகா ஏரிப்பகுதி

மஸ்கோகா என்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோ நகருக்கு வடக்கே இரண்டு மணிநேரப் பயணத் தொலைவில், ஜோர்ஜியன் விரிகுடாவுக்கும் அல்கோன்கின் மாகாணப் பூங்காவுக்கும் இடையே அமைந்துள்ள ஏரிகள் நிறைந்த ஒரு மாவட்டம் ஆகும். ஏறத்தாழ 1,600 ஏரிகளைக் கொண்ட இப்பகுதி, காட்டேஜ் எனப்படும் ஏரிக்கரைக் கோடை வீடுகளுக்கும் பொழுதுபோக்கு நன்னீர் மீன்பிடிப்புக்கும் பெயர் பெற்றது. 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 66,000க்கும் மேற்பட்டோர் இங்கு நிலையாக வாழ்கின்றனர். கோடையில் வந்து தங்குவோரின் தொகை இதனினும் மிகுதியாகும்.

மஸ்கோகா, ரோசோ, ஜோசப் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணைந்த பெரிய ஏரிகளாகும். பிரேஸ்பிரிட்ஜ், கிரேவன்ஹர்ஸ்ட், ஹன்ட்ஸ்வில் என்பன முதன்மையான நகரங்கள். மாவட்ட ஆட்சி அமைப்பு 1971 இல் இன்றைய வடிவில் உருவாக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டின் ஜி-8 உச்சி மாநாடு ஹன்ட்ஸ்வில் அருகே நடைபெற்றது.

புவியியல்

இப்பகுதி கனடியக் கேடயம் எனப்படும் மிகப் பழமையான பாறைப்பரப்பின் தென் விளிம்பில் உள்ளது. இங்குள்ள கருங்கல், நைஸ் வகைப் பாறைகள் 100 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடையவை. பனியூழிக் காலத்தில் நகர்ந்த பனியாறுகள் பாறையைக் குடைந்து பள்ளங்களை ஏற்படுத்தின. பனி உருகியபின் அவை ஏரிகளாயின. மண்படிவு மெலிதாகவும், பாறைகளில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவாகவும் இருப்பதால் ஏரிநீர் மென்மையாகவும் ஊட்டச்சத்துக் குறைந்தும் காணப்படுகிறது. நீரின் தெளிவுக்கு இதுவே காரணம். மாசுபாட்டை இந்த ஏரிகள் எளிதில் தாங்க இயலாமைக்கும் இதுவே காரணம்.

ஏரிகள் பொதுவாக திசம்பரில் உறைந்து ஏப்ரல் மாதப் பிற்பகுதியில் உருகுகின்றன. பனி உருகும் காலத்தில் பெருமழையும் சேரும்போது வெள்ளம் ஏற்படுகிறது. 2013 இலும் 2019 இலும் ஏற்பட்ட வசந்தகால வெள்ளங்களின்போது இம்மாவட்டத்தின் பல ஊர்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

வரலாறு

ஐரோப்பியர் வருகைக்கு முன் இது அனிசினாபே மக்களின் வேட்டைநிலமாகவும் மீன்பிடிநிலமாகவும் இருந்தது. மஸ்கோகா என்னும் பெயர் மஸ்குவாக்கி என்ற அனிசினாபே தலைவரின் பெயரிலிருந்து வந்ததாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. இன்றைய போர்ட் கார்லிங் ஊர் இருக்குமிடத்தில் ஒபஜவானங் என்னும் பழங்குடியினர் ஊர் இருந்தது. குடியேறிகள் பெருகியபோது, 1860களில் அவ்வூர் மக்கள் ஜோர்ஜியன் விரிகுடாவில் உள்ள பாரி தீவுக்கு இடம்பெயர்ந்தனர்.

1868 ஆம் ஆண்டின் இலவச நிலக்கொடைச் சட்டத்தின்படி, 18 வயது நிறைந்த குடியேறி ஒருவருக்கு 100 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குள் 15 ஏக்கரைத் திருத்திப் பயிரிட்டு ஒரு வீட்டைக் கட்டவேண்டும் என்பது நிபந்தனை. ஆயினும் பாறைமீது படிந்த மெல்லிய மண்ணில் வேளாண்மை செழிக்கவில்லை. மரம் வெட்டுதலும், அதன்பின் சுற்றுலாவுமே குடியேறிகளைக் காப்பாற்றின.

1866 இல் ஏ. பி. காக்பர்ன் என்பவர் வெனோனா என்னும் நீராவிக் கப்பலை மஸ்கோகா ஏரியில் இயக்கினார். 1871 இல் போர்ட் கார்லிங்கில் நீர்ப்பூட்டு திறக்கப்பட்டதால் மஸ்கோகா, ரோசோ ஏரிகளுக்கிடையே கப்பல் செல்ல வழி ஏற்பட்டது. 1875 இல் தொடர்வண்டிப் பாதை கிரேவன்ஹர்ஸ்டை எட்டியது. நகரத்திலிருந்து வண்டியில் வந்து, கப்பலேறி, ஏரிக்கரை விடுதியில் தங்கும் வழக்கம் இவ்வாறு தோன்றியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரச் செல்வந்தர்கள் பலர் போமாரிசு பகுதியில் பெரிய கோடை மாளிகைகளைக் கட்டினர். 1887 இல் நிப்பிசிங் என்ற பெயரில் கட்டப்பட்ட கப்பல் 1925 இல் செக்வுன் என்னும் பெயரில் புதுப்பிக்கப்பட்டது. 1958 இல் ஓய்வுபெற்ற அக்கப்பல் 1981 முதல் மீண்டும் பயணிகளை ஏற்றத் தொடங்கியது.

ஏரிக்கரை வாழ்க்கை

காட்டேஜ் என்னும் சொல் ஒன்ராறியோவின் தென்பகுதியில் வழங்குவது. இதே வகை வீட்டை மாகாணத்தின் வடபகுதியில் கேம்ப் என்றும், மேற்குக் கனடாவில் கேபின் என்றும், கியூபெக்கில் சாலே என்றும் அழைப்பர். காட்டேஜ் பருவம் வழக்கமாக மே மாதத்தில் வரும் விக்டோரியா நாள் விடுமுறையோடு தொடங்கி, அக்டோபரில் வரும் நன்றியறிதல் நாளோடு முடிவடைகிறது. ரொறன்ரோ பெரும்பாகத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் கோடை விடுமுறையில் இத்தகைய வீடுகளை வாடகைக்கு எடுத்துத் தங்குவதுண்டு.

பல காட்டேஜ்களுக்கு நகரக் குழாய்நீரோ பாதாளச் சாக்கடையோ இல்லை. நீர் ஏரியிலிருந்து மோட்டார் மூலம் ஏற்றப்பட்டு, வடிகட்டி, புற ஊதா விளக்கால் தூய்மையாக்கப்படுகிறது. கழிவுநீர் நிலத்தடித் தொட்டியில் தேங்கித் தெளிந்தபின் மணற்படுகையில் ஊறி வடிகிறது. குளிர்காலத்தில் மூடிவிடும் வீடுகளில், இலையுதிர்காலத்திலேயே குழாய்களிலுள்ள நீர் முழுவதும் வடித்துவிடப்படும். இல்லையெனில் நீர் உறைந்து விரிவதால் குழாய்கள் வெடித்துவிடும்.

வீட்டின் முன் நீருக்குள் நீளும் படகுத்துறையே குடும்ப வாழ்வின் மையமாக விளங்குகிறது. நீந்துதல், தூண்டில் போடுதல், மாலைப்பொழுதைக் கழித்தல் ஆகிய யாவும் இங்கேயே நிகழ்கின்றன. துறையில் காணப்படும் சாய்ந்த முதுகும் அகன்ற கைப்பிடியும் கொண்ட மரநாற்காலி இங்கு மஸ்கோகா நாற்காலி எனப்படுகிறது. இதன் மூல வடிவம் 1903 இல் நியூயோர்க் மாநிலத்தில் தாமஸ் லீ என்பவரால் உருவாக்கப்பட்டது. அங்கு அது அடிரொண்டாக் நாற்காலி எனப்படுகிறது.

மீன் வகைகள்

பொழுதுபோக்கு மீன்பிடிப்பாளர்கள் இங்கு பெரிதும் நாடும் மீன்கள் பின்வருமாறு:

சிறுவாய் பாஸ்: பாறைகள் நிறைந்த ஆழம் குறைந்த பகுதிகளில் வாழும் வலிமைமிக்க மீன். இங்குள்ள பல ஏரிகளில் இது இயற்கையாக இருந்ததன்று. மீன்பிடிப்பாளர்களுக்காக 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கொண்டுவந்து விடப்பட்டது.

பெருவாய் பாஸ்: நீர்ச்செடிகள் அடர்ந்த, வெப்பமான, ஆழமற்ற குடாக்களில் வாழ்வது.

ஏரி டிரௌட்: ஆழமான குளிர்ந்த நீரில் வாழும் உள்நாட்டு மீன். மெதுவாக வளர்ந்து பல ஆண்டுகள் வாழும். இலையுதிர்காலத்தில் பாறைத் திட்டுகளின் இடுக்குகளில் முட்டையிடும்.

வால்-ஐ: ஒளியைப் பிரதிபலிக்கும் பெரிய கண்களை உடையது. மங்கிய வெளிச்சத்தில் இரைதேடுவதால் அந்திப்பொழுதே இதனைப் பிடிக்க ஏற்ற நேரம்.

இவை தவிர வடக்குப் பைக், மஞ்சள் பெர்ச் முதலியனவும் காணப்படுகின்றன. சிறுவர்கள் படகுத்துறையிலிருந்து மண்புழுவை இரையாக்கி முதலில் பிடிப்பது பெரும்பாலும் பெர்ச் மீனோ சூரியமீனோ ஆகும்.

மீன்பிடிப்பும் ஏரியின் வெப்ப அடுக்குகளும்

நீர் 4 பாகை செல்சியசில் மிகுந்த அடர்த்தி கொண்டது. ஆகையால் கோடையில் ஆழமான ஏரிகளின் வெதுவெதுப்பான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் அடியிலும் தனித்தனி அடுக்குகளாகத் தங்குகின்றன. இவ்வடுக்குகள் கோடை முழுவதும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் மட்டுமே ஏரிநீர் முழுவதும் புரண்டு கலக்கிறது. அப்போதுதான் அடியடுக்குக்கு உயிர்வளி கிடைக்கிறது.

மீன்பிடிப்பாளரின் முறைகள் இதற்கேற்ப மாறுகின்றன. பனி உருகிய உடனே ஏரி டிரௌட் மேற்பரப்புக்கு அருகிலேயே கிடைக்கும். கோடையில் அது அடியாழத்துக்குச் சென்றுவிடுவதால், எடைகட்டிய தூண்டில் நரம்பை ஆழத்தில் இறக்கிப் படகைச் செலுத்தியபடியே பிடிக்கவேண்டும். குளிர்காலத்தில் பனித்தளத்தைத் துளையிட்டுத் தூண்டில் இறக்குவர்.

ஏரிக்கரை வீடுகளுக்கும் மீன்வளத்துக்கும் உள்ள தொடர்பும் இவ்வடுக்குகளிலேயே அடங்கியுள்ளது. கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்தும் உரமிட்ட புல்வெளிகளிலிருந்தும் கசியும் பாசுபரசு பாசிகளை வளர்க்கிறது. பாசி மடிந்து அடியில் படிந்து அழுகும்போது, அங்குள்ள உயிர்வளி செலவாகிறது. கோடையில் மேலிருந்து புதிய உயிர்வளி வருவதில்லை. மேலே வெப்பமும் கீழே உயிர்வளிப் பற்றாக்குறையுமாக, ஏரி டிரௌட் வாழக்கூடிய இடம் சுருங்கிவிடுகிறது. இதனால் ஏரி டிரௌட் வாழும் ஏரிகளில் அடியடுக்கு நீரின் சராசரி உயிர்வளி லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்பதை ஒன்ராறியோ அரசு அளவுகோலாகக் கொண்டுள்ளது. கரையிலுள்ள இயற்கைச் செடிகொடிகளை வெட்டாமல் விடுவதும், கழிவுநீர்த் தொட்டியைக் குறித்த காலத்தில் சுத்தம் செய்வதும் வீட்டு உரிமையாளர் செய்யக்கூடிய எளிய பாதுகாப்புகள் ஆகும்.

விதிகள்

ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயது வரையிலான கனடியக் குடிவாழ்நர் மீன்பிடிக்க வெளிப்புற அட்டையும் மீன்பிடி உரிமமும் பெறவேண்டும். உரிமம் இருவகைப்படும். விளையாட்டு உரிமத்தில் கூடுதல் மீன்களும், பாதுகாப்பு உரிமத்தில் குறைந்த மீன்களும் வைத்துக்கொள்ள இசைவு உண்டு. மாகாணம் 20 மீன்வள மேலாண்மை வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மஸ்கோகாவின் பெரும்பகுதி 15 ஆம் வலயத்தில் அடங்கும். பருவங்களும் எண்ணிக்கை வரம்புகளும் மாறக்கூடியவையாதலால் ஆண்டுதோறும் வெளியிடப்படும் விதித் தொகுப்பைப் பார்த்தல் வேண்டும்.

பருவ விதிகள் மீன்களின் வாழ்க்கைமுறையை ஒட்டியவை. எடுத்துக்காட்டாக, சிறுவாய் பாஸின் ஆண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் கூட்டிலிருந்து காவல் காக்கும். அதனைப் பிடித்து அகற்றினால் பெர்ச் முதலிய மீன்கள் விரைவில் முட்டைகளைத் தின்றுவிடும். இதனாலேயே பாஸ் பருவம் நெடுங்காலமாக ஜூன் மாதப் பிற்பகுதியில் தொடங்கி வந்துள்ளது.

மோட்டார் படகை இயக்குவோர் அனைவரும் தகுதிச் சான்று வைத்திருக்க வேண்டும் என்னும் விதி 2009 செப்டம்பரிலிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்தது. படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் பொருத்தமான உயிர்காப்பு உடை இருத்தல் கட்டாயமாகும். வசந்தகால நீரின் குளிர், நன்கு நீந்தத் தெரிந்தவரையும் சில நிமிடங்களில் செயலிழக்கச் செய்யக்கூடியது.

பழங்குடியினர் மீன்பிடி உரிமை

1923 இல் கையெழுத்தான வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் மஸ்கோகா உள்ளிட்ட பரந்த நிலப்பரப்பைத் தொடர்பானவை. அரசுகள் இவற்றுக்கு அளித்த பொருளின்படி, ஏழு பழங்குடிச் சமூகங்கள் தம் மரபுநிலத்தில் வேட்டையாடும் உரிமையையும் மீன்பிடிக்கும் உரிமையையும் இழந்தன. முன்னோர் உணவுக்காக மீன்பிடித்த நீர்நிலைகளில் அவர்தம் வழித்தோன்றல்கள் குற்றவாளிகளாகக் கருதப்பட்டனர். அதே நீர்நிலைகள் நகரத்தாரின் ஓய்விடமாக வளர்ந்தன. நீண்ட வழக்கின் முடிவில், 2018 இல் ஏற்பட்ட இணக்கப்பாட்டின்படி 111 கோடி டாலர் இழப்பீடு வழங்கப்பட்டதோடு, உடன்படிக்கைக்கு முந்தைய மரபுரிமைகளும் ஏற்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் கனடிய அரசும் ஒன்ராறியோ அரசும் மன்னிப்புக் கோரின.

சூழல் சிக்கல்கள்

அமில மழை: சட்பரி உருக்காலைகளிலிருந்தும் அமெரிக்கத் தொழிலகங்களிலிருந்தும் வந்த கந்தக மாசினால் 20 ஆம் நூற்றாண்டில் பல ஏரிகள் அமிலத்தன்மை அடைந்தன. டார்செட் ஊரிலுள்ள அரசு ஆய்வு மையம் இவ்வேரிகளைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. மாசு குறைக்கப்பட்டபின் அமிலத்தன்மை குறைந்தது.

கால்சியக் குறைவு: அமில மழை மண்ணிலிருந்த கால்சியத்தைக் கரைத்துச் சென்றுவிட்டது. மரம் வெட்டுதலும் அதனைக் குறைத்தது. நீரில் கால்சியம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குக் குறையும்போது, பாசியைத் தின்னும் டாப்னியா என்னும் நீர்ப்பூச்சியினம் பெருகுவதில்லை என 2008 இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இக்குறைவை ஈடுசெய்யும் பொருட்டு, வீட்டு அடுப்புகளில் எஞ்சும் மரச்சாம்பலைக் காட்டு மண்ணில் தூவும் முயற்சியை மஸ்கோகாவின் தன்னார்வலர்கள் மேற்கொண்டுள்ளனர்.

அயல் உயிரினங்கள்: முள்வால் நீர்ப்பூச்சி படகுகளாலும் தூண்டில் நரம்புகளாலும் ஏரிக்கு ஏரி பரவுகிறது. 2022 சனவரி முதல், படகை வேறிடம் கொண்டுசெல்லுமுன் நீரை வடித்து, செடிகளை அகற்றவேண்டும் என ஒன்ராறியோ விதித்துள்ளது. உயிருள்ள இரைமீன்களை வலயம்விட்டு வலயம் கொண்டுசெல்லவும் அதே ஆண்டில் கட்டுப்பாடு வந்தது.

ஈயம், பாதரசம்: தூண்டிலின் ஈயக்குண்டை விழுங்கும் லூன் பறவைகள் நஞ்சேறி இறக்கின்றன. 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகள் கனடாவின் தேசியப் பூங்காக்களில் 1997 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. பிற ஏரிகளில் வெள்ளீயம் முதலிய மாற்றுக் குண்டுகளைப் பயன்படுத்தலாம். பெரிய, வயது முதிர்ந்த ஊனுண்ணி மீன்களில் பாதரசம் மிகுந்திருக்கும். எனவே எந்த ஏரியின் எந்த அளவு மீனை மாதம் எத்தனை முறை உண்ணலாம் என்பதை மாகாண அரசு வழிகாட்டியாக வெளியிடுகிறது. குழந்தைகளுக்கும் கருவுறும் வயதிலுள்ள பெண்களுக்கும் இதில் தனி வரம்பு உண்டு. உண்பதற்குச் சிறிய மீன்களை எடுத்துக்கொண்டு, முட்டையிடும் பெரிய மீன்களை நீரிலேயே விட்டுவிடுவது உடல்நலத்துக்கும் ஏரியின் மீன்வளத்துக்கும் ஒருசேர நன்மை பயக்கும்.