மலை வைத்தியரும் மாகாணப் பதிவேடும்

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டை முதலான ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மலையாளி மக்களுக்குக் காய்ச்சலானாலும், எலும்பு முறிவானாலும், பிள்ளைப்பேறானாலும் முற்காலத்தில் துணை நின்றவர்கள், மூத்தோரிடம் மூலிகைகளை இனங்காணப் பயின்று, ஊரார் கண்முன்னே தம் கைத்திறனை மெய்ப்பித்துக் காட்டிய நாட்டு வைத்தியர்களும் மருத்துவச்சிகளுமே ஆவர். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தி, ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் குடியேற வழிவகுத்த பின்னரும், மலைக்காய்ச்சலால் வாடிய ஏழைக் குடியானவன் முதலில் நாடியது இவர்களைத்தான்.

அந்நாளில் வைத்தியனுக்கு உரிமம் அளித்தது ஊராரின் நம்பிக்கை. ஆளையும் அவனுடைய குருவையும் அறிந்த சிற்றூரில் அது போதுமானதாயிருந்தது. ஆனால் இன்று ஒரு சந்தையில் கடை விரித்து, நாளை வேறோர் ஊருக்குப் போய்விடும் போலி மருந்துக்காரனிடமிருந்து முன்பின் அறியாத நோயாளியைக் காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. பதிவு முறைக்கு நியாயம் பிறந்தது இந்தக் குறையிலிருந்துதான்.

இங்கிலாந்தில் 1858-இல் இயற்றப்பட்ட மருத்துவச் சட்டத்தைத் தழுவி, பம்பாய் மாகாணம் 1912-இலும், சென்னை மாகாணம் 1914-இலும் மருத்துவப் பதிவுச் சட்டங்களை நிறைவேற்றின. சென்னைச் சட்டத்தின்படி அமைந்த மருத்துவ மன்றம், மேனாட்டு முறையில் பட்டமோ உரிமமோ பெற்றவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றியது. ஒழுக்கம் தவறியவர்களின் பெயரை நீக்கும் அதிகாரமும் அதற்கு இருந்தது. நாட்டு வைத்தியர் தொழில் நடத்துவதை அச்சட்டம் தடுக்கவில்லையாயினும், சட்டம் வேண்டும் மருத்துவச் சான்றிதழை எழுதும் உரிமையைப் பதிவு பெற்றவர்களுக்கே உரியதாக்கியதால், மக்களில் பெரும்பாலோர்க்கு வைத்தியம் செய்துவந்தவர்கள் அரசாங்கத்தின் கணக்கில் வைத்தியர்களே அல்லர் என்ற விபரீத நிலை ஏற்பட்டது.

இந்த அநீதியை உணர்ந்த பெருமை, பானகல் அரசர் முதலமைச்சராயிருந்த காலத்துக்கு உரியது. 1921-இல் முகம்மது உஸ்மான் தலைமையில், டாக்டர் ஜி. சீனிவாசமூர்த்தியைச் செயலாளராகக் கொண்டு நியமிக்கப்பட்ட குழு, ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய மூன்று முறைகளையும் ஆராய்ந்தது. வைத்தியர்கள் சமஸ்கிருதத்திலும் தமிழிலும் பிற தென்னாட்டு மொழிகளிலும் எழுதியனுப்பிய சாட்சியங்களை அவ்வம்மொழியிலேயே அச்சிட்டு 1923-இல் அறிக்கை வெளியிட்டது. ஆங்கிலம் அறியாத பண்டிதரின் அறிவும் அறிவே என்று அரசாங்க ஏட்டிலேயே பதிந்த அச்செயலை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். இதன் பயனாகச் சென்னையில் தோன்றிய அரசாங்க இந்திய வைத்தியப் பள்ளி, நம் சாஸ்திரங்களோடு உடற்கூறு முதலிய நவீன பாடங்களையும் கற்பித்து, பரீட்சையில் தேறியவர்களுக்கு உரிமம் வழங்கியது.

பின்னர், 1964-இல் பாளையங்கோட்டையில் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1970-இல் நிறைவேறிய இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டம், நாடு முழுவதற்கும் ஒரே தரமான கல்வியை விதித்ததோடு, ஏற்கனவே தொழில் நடத்திவந்தவர்களில் சிலருக்கு விலக்கும் அளித்தது. கேரளத்துப் பரம்பரை வைத்தியர்கள் தொடுத்த வழக்கில், தகுதியும் பதிவும் இன்றிப் பரம்பரை உரிமை ஒன்றைக் கொண்டே மருத்துவத் தொழில் நடத்த இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது.

நோயாளியின் உயிரைக் காப்பதே சட்டத்தின் தர்மமாதலால், அத்தீர்ப்பின் நோக்கத்தைக் குறைகூற இயலாது. எனினும், பட்டம் ஒன்றையே அறிவின் அளவுகோலாகக் கொள்வோமாயின், மலைக்காட்டில் எந்த வேரை எந்தப் பருவத்தில் எடுப்பது என்று அறிந்தவர்களின் அனுபவம் அவர்களோடு அழிந்துபோகும். ஆகவே, அத்தகையோரை அவர்கள் மொழியிலேயே, அவர்கள் கைவேலையைக் கண்டு பரீட்சித்து, இன்ன நோய்க்கு மட்டும் மருந்து தரலாம், இன்ன குறி கண்டால் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று வரையறுத்து, அதற்குட்பட்ட தனி உரிமம் வழங்குவதே தகும். வைத்தியர்களின் சொந்த மொழியிலேயே அவர்கள் சாட்சியத்தை ஏற்று உஸ்மான் குழு காட்டிய நெறியும் இதுவே. பாதுகாப்பையும் பரம்பரை அறிவையும் ஒருங்கே பேண அதனினும் நேரிய வழி வேறில்லை.