சீமைக்கருவேலமும் 'தரிசு' என்ற பெயரும்

சீமைக்கருவேலம் காமராசர் காலத்தில் வந்த மரம் என்று சொல்வோர் உண்டு. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. தாது வருடப் பஞ்சம் தொடங்கிய 1876இல், சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம் அதன் விதை கேட்டு வருவாய்த் துறைக்கு எழுதினார். மறு ஆண்டு ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. வறண்ட நிலத்தில் மரம் வளர்க்கும் திட்டம். நிலமில்லாத கூலிகள் கஞ்சியில்லாமல் செத்துக்கொண்டிருந்த நேரம் அது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அரசுக் கணக்கில் 'தரிசு' என்றால் பயனற்ற நிலம். சேரிக்கோ அது ஆடு மேய்க்கிற, கீரை பறிக்கிற, சுள்ளி பொறுக்குகிற இடம். மரம் அங்கேதான் இறங்கியது. நெற்றைத் தின்ற ஆடுமாடுகள் விதையை ஊரெங்கும் கொண்டுபோயின.

மண்ணுக்குள் நடப்பது வேறு கதை. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. உதிரும் இலையை நுண்ணுயிர்கள் மக்க வைக்கின்றன. ஆக, மரத்தடி மண்ணில் சத்து கூடவே செய்கிறது. ஆனால் மற்றவருக்கு அங்கே இடமில்லை. சருகிலிருந்து இறங்கும் ஃபீனால் வகை வேதிப்பொருள்கள் உள்ளூர் விதைகளின் முளைப்பையும் நாற்றின் வளர்ச்சியையும் ஒடுக்குகின்றன. வன்னியும் நெடுங்காலம் இதே பேரினத்தில் வைக்கப்பட்ட மரம்தான். வன்னியின் அடியில் வெட்டவெளியைவிட அதிக வகைச் செடிகள் வளர்கின்றன. சீமைக்கருவேலத்தின் அடியில் குறைவு. அதே மரம் தன் சொந்த மண்ணான வெனிசுவேலாவில் இப்படி ஒடுக்குவதில்லை. அங்குள்ள செடிகள் அதோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை. எனவே 'அந்நிய மரம்' என்ற வசை மட்டும் எதையும் விளக்காது. தூய்மை, தீட்டு என்ற பேச்சின் விலை தெரிந்தவர்கள் நாங்கள். அதனால் சொல்லி வைக்கிறோம்.

2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் மரம் வெட்டும் வேலை சூடுபிடித்தது. வெட்டினால் மட்டும் தீராது. அடிக்கட்டை மறுபடி தழைக்கும், விதை மண்ணில் காத்துக் கிடக்கும். வேரோடு எடுத்து, உள்ளூர்ச் செடிகளை நட்டுப் பல ஆண்டு பார்க்க வேண்டும்.

அதுவரை கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ராமநாதபுரத்து நிலமற்றவர்கள் என்ன செய்வார்கள்? 1892 ஆணைப்படி ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களிலும் இந்த முள் மண்டிக் கிடக்கிறது. முள்ளை அகற்றியதும் அங்கே வேலி போட வருபவர் யார்? எனவே வெட்டும் வேலையும் கரியும் மூட்டம் போடுபவர்களுக்கு, காலியாகும் பஞ்சமி நிலம் பட்டாவோடு தலித் குடும்பங்களுக்கு என்று மரம் அகற்றும் ஆணையிலேயே எழுதச் சொல்கிறோம்.