மூக்கறுப்புப் போரிலிருந்து முகத்து ஊசி வரை



சாரல் விழுந்தால் வெளியூர்ச் சொந்தங்கள் தென்காசிக்கு வந்துவிடுவார்கள். இந்த வருஷமும் வந்தார்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நடந்து வரும்போது, பேத்தி முறையாகும் பெண் ஒருத்தி, "தாத்தா, ஒண்ணு கேக்கணும்" என்று போனை நீட்டினாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். கன்னத்தில் பரு வந்துபோன குழிகள். போனில் ஓர் அழகு நிலையத்தின் விளம்பரம். சொந்த இரத்தத்தில் எடுத்த ஊசி, ஸ்டெம் செல் ஊசி, ஆறு தடவை போட்டால் முகம் புதிதாகிவிடுமாம். அப்பா கட்டிவரும் நகைச்சீட்டை முறித்து அந்தப் பணத்தைக் கட்டலாமா என்பதுதான் கேள்வி.

நான் டாக்டர் இல்லை, வரலாற்று வாத்தியார். ஆனால் எனக்கும் சிறு வயதில் பெரியம்மை வந்து முகமெல்லாம் தழும்பு. நீங்கள் எனக்கு 'புள்ளி சார்' என்று பெயர் வைத்தது எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? அதனால் அந்தப் பெண்ணிடம் "முகத்தில் என்ன இருக்கிறது" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

அவமானப்பட்டவனை 'மூக்கறுபட்டான்' என்கிறோம். அது வெறும் பேச்சாக இல்லாத காலமும் இருந்தது. 1656 வாக்கில் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜனின் படை மதுரை நாட்டுக்குள் புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. திருமலை நாயக்கர் நோயில் கிடந்த நேரம். இராமநாதபுரம் இரகுநாத சேதுபதியின் துணையோடு மதுரைப்படை அவர்களைத் துரத்தி, பதிலுக்கு மூக்கறுத்தது. 'மூக்கறுப்புப் போர்' என்று பாடம் நடத்தும்போது சிரித்தீர்கள். அறுபட்டவர்கள் மிச்ச நாளை எப்படிக் கழித்தார்கள் என்று நான் அன்று சொல்லித் தரவில்லை.

அப்படி ஒருவரின் கதை நமக்குக் கிடைக்கிறது. கவாஸ்ஜி என்ற மராட்டியர், ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டியவர். 1792 போரில் திப்புவின் ஆட்களிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். சுமார் ஒரு வருஷம் கழித்து, புனா பக்கத்து வைத்தியர் ஒருவர் அவருக்கு மூக்கு வைத்தார். மெழுகில் மூக்கு அச்சு செய்து, அதை விரித்து நெற்றியில் வைத்து அளவெடுத்து, அந்த அளவுக்குத் தோலை உரித்தார். ஆனால் முழுவதும் அறுத்து எடுக்கவில்லை. புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பை விட்டுவிட்டு, தோலைத் திருப்பிக் கீழே இறக்கி மூக்காகப் படிய வைத்தார். அந்தக் காம்பு வழியாகத்தான் இரத்தம் ஓடும். புது இடத்தில் தோல் வேர்பிடித்த பிறகு, சுமார் 25 நாள் கழித்து, காம்பை வெட்டினார்.

1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் 1814இல் லண்டனில் அதே முறையில் செய்து வெற்றி பெற்றார். மேல்நாட்டு மருத்துவம் இன்றும் இதை 'இந்திய முறை' என்றுதான் சொல்கிறது.

அடுத்த கதை நம் வேலூரில். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். கை சரியாகியும் பலருக்கு வேலை கிடைக்கவில்லை. அமுங்கிய மூக்கும் உதிர்ந்த புருவமும் அவர்களைக் காட்டிக்கொடுத்தன. அதனால் உட்புறம் தோல் வைத்து மூக்கை எழுப்பினார். தலைத்தோலில் ஒரு துண்டை இரத்தக்குழாயோடு நெற்றித் தோலுக்கு அடியில் நுழைத்துப் புருவமாக்கினார். தலைமுடி ஆயிற்றே, அது வளர்ந்துகொண்டே இருக்கும், கத்தரிக்க வேண்டும். ஒரு முகம் ஒருவனுக்கு வேலை கொடுக்கும், மறுக்கும் என்பதை அவர் கண்ணால் பார்த்தவர்.

இனி இன்றைய ஊசி. காயம் பட்டால் இரத்தத்தை உறைய வைப்பவை தட்டணுக்கள். தோலை ஆற்றும் பொருள்களும் அவற்றில் உண்டு. நம் இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தட்டணு மிகுந்த மஞ்சள் நீரைப் பிரித்து முகத்தில் செலுத்துவதுதான் பி.ஆர்.பி. இதுவும் அந்தப் பழைய வைத்தியர் நம்பியதைத்தான் நம்புகிறது: உடம்பு தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். பருக்குழிக்கு ஓரளவு பலன் உண்டு என்கின்றன ஆய்வுகள். ஆளுக்கு ஆள் மாறும். 'புதுமுகம்' எல்லாம் கிடையாது.

ஸ்டெம் செல் சங்கதி வேறு. இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று கொடுக்கக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 நெறிமுறையில் சொல்லிவிட்டது. முகப்பொலிவு அந்த விலக்கில் இல்லை.

ஊசி போடும் இடமும் முக்கியம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத அழகு நிலையம் ஒன்று 2018இல் மூடப்பட்டது. அங்கே இதே இரத்த ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024இல் அறிக்கையாக வெளியிட்டது.

"அப்போ நான் என்ன செய்ய, தாத்தா?" என்றாள். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்கு அம்மாவோடு போகச் சொன்னேன். போனாள். இன்னும் புதுப் பரு வந்துகொண்டிருக்கிறது, முதலில் அதை நிறுத்துவோம், குழியைப் பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தாராம். நகைச்சீட்டு அப்படியே இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது போனை நீட்டினால், கேலி செய்யாதீர்கள். உட்கார வைத்துப் பேசுங்கள்.

கல்யாணத்துக்கு எல்லோரும் வர வேண்டும். புள்ளி சார் முன்வரிசையில்தான் இருப்பேன்.