அசூனா – பூட்டூகூக் குடும்பம்

கனடாவின் நுனாவுட் பகுதியில், பாஃபின் தீவின் தென்மேற்குக் கரையை ஒட்டியுள்ள கிங்கைட் (முன்பு கேப் டார்செட்) என்னும் ஊரைச் சேர்ந்த இனூயிட் ஓவியக் குடும்பம். பாட்டி பிட்சியோலக் அசூனா, மகள் நபாச்சி பூட்டூகூக், பேத்தி ஆனி பூட்டூகூக் ஆகிய மூவரால் பெயர்பெற்றது.

பிட்சியோலக் பிறந்த ஆண்டை 1904 என்றும் 1908 என்றும் பலவாறு சொல்வர். பெற்ற பிள்ளைகள் பதினேழு பேர். அவர்களுள் பலர் தங்கவில்லை. வேட்டைக்காரரான கணவர் அசூனா நோய்கண்டு இளமையிலேயே இறந்தார். உடைகள் தைத்து விற்றுக் காலந்தள்ளிய பிட்சியோலக், ஜேம்ஸ் ஹூஸ்டன் அவ்வூரில் அச்சோவியப் பணியைத் தொடங்கியபின் வரையலானார். ஹூஸ்டன் ஜப்பானில் ஹிராட்சுகா உன்இச்சியிடம் மரச்செதுக்கு அச்சு பயின்று வந்தவர். கிங்கைட்டில் மரத்தின் இடத்தைக் கல் பிடித்தது. ஓவியத்தைக் கல்லில் படியெடுத்து, வேண்டாத பகுதியைக் கொத்தி நீக்கி, மை தடவி, மெல்லிய தாளை விரித்துக் கையால் தேய்த்து எடுப்பார்கள். ஓர் ஓவியத்துக்குப் பொதுவாக 50 படிகள். வரைபவர் ஒருவர், கல் கொத்துபவர் வேறொருவர் என்பதால், அச்சோவியத்தில் யார் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

பிட்சியோலக் வரைந்தவை 8,000க்கும் மேல். கோடைக் கூடாரம், வாத்து வேட்டை, இடம்பெயரும் குடும்பம் எனப் பழைய வாழ்க்கையே பொருள். மனிதர் முகம் ஓரிரு கோடுகளில் முடிந்துவிடும். உடையின் விளிம்புப் பட்டையும், குழந்தையைச் சுமக்கும் தாயின் அகன்ற முக்காடும் அப்படி முடிவதில்லை. தைத்துப் பழகிய கை அங்கே நின்று நிதானிக்கிறது. அவர் வாழ்க்கைக் கதை 1971-இல் நூலாக வந்தது. அவர் 1983-இல் மறைந்தார்.

நபாச்சி (1938–2002) தம் கடைசி ஆண்டுகளில் பஞ்சத்தையும் பெண்கள் பட்ட கொடுமைகளையும் வரைந்தார். தாய் வரையாமல் விட்டதை மகள் நிரப்பினார் என்பது ஒரு சாராரின் கருத்து.

ஆனி (1969–2016) வரைந்தது தொலைக்காட்சியும் சமையலறையும் குடியும் அடிதடியும் கலந்த இன்றைய வீடு. அதற்குள் பாட்டியும் இருக்கிறார்: 2006-இல் வரைந்த ஓவியமொன்றில், இரு சிறுமியர் அருகிருக்கப் பிட்சியோலக் கட்டிலில் அமர்ந்து வரைகிறார். அதே ஆண்டின் இன்னோர் ஓவியத்தில் ஆளே இல்லை. பாட்டியின் கறுப்புச் சட்டமிட்ட மூக்குக்கண்ணாடி, பேனா, பென்சில், அழிப்பான் மட்டுமே. குடும்பப் படங்களுள் இதற்கு இணையானது வேறில்லை எனலாம். அவ்வாண்டே ஆனிக்குச் சோபி கலை விருது கிடைத்தது.

பிட்சியோலக்கின் மற்றொரு பேத்தி சுவினாய் அசூனா, 2022 வெனிஸ் பினாலே கலைக்காட்சியில் சிறப்புக் குறிப்பு பெற்றார்.