புலிமுகச் சிலந்தி

புலிமுகச் சிலந்தி என்பது இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழும் ஒரு மர டாரன்டுலாப் பேரினம். இலங்கைத் தமிழர் வழங்கும் பெயர் இது. அறிவியல் பெயர் பொயிசிலோதீரியா, குடும்பம் தெரபோசிடே. கால்களை விரித்தால் 15 முதல் 20 செ.மீ. வரை வரும். பகலில் மரப்பொந்திலும் பட்டை இடுக்கிலும் தட்டையாக ஒடுங்கிக் கிடக்கும். இருட்டிய பின் வெளிவந்து பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும். குஞ்சுகள் சில காலம் தாயோடு ஒரே பொந்தில் கூடி வாழ்வது டாரன்டுலாக்களில் அரிதான பழக்கம்.

பெயரிட்ட வரலாறு

இப்பேரினத்தில் முதலில் பெயர் பெற்றது இலங்கையின் ஃபாசியேட்டா. 1804-இல் பிரான்சின் லத்ரேய் அதை மைகேல் என்ற பேரினத்தில் வைத்தார். அக்காலத்தில் பெருஞ்சிலந்தி எதுவானாலும் அந்த ஒரே பேரினத்துக்குள் போடுவதே வழக்கம். 1885-இல் யூஜீன் சிமோன் இவற்றைப் பிரித்தெடுத்து பொயிசிலோதீரியா என்ற தனிப் பேரினம் அமைத்தார்.

இதன் பிறகு வரலாறு ஏறக்குறைய ஒரே மனிதரின் உழைப்பு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ரெஜினால்ட் இன்னஸ் போகாக் (1863–1947) 1895 முதல் 1900 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் ஒன்பது இனங்களை விவரித்தார். இன்று ஏற்கப்படும் ஏறக்குறைய 15 இனங்களில் பாதிக்கு மேல் அவர் பெயரிட்டவை. 1895-இல் ஸ்ட்ரயேட்டா, சப்ஃபஸ்கா, விட்டாட்டா; 1899-இல் மட்டும் ஃபார்மோசா, மெட்டாலிக்கா, ஓர்னாட்டா, ரெகாலிஸ், ரூஃபிலாட்டா; 1900-இல் மிராண்டா. அவ்வாண்டே வெளியான ‘பிரிட்டிஷ் இந்திய விலங்குகள்’ வரிசையின் சிலந்தியினத் தொகுதியும் அவருடையதே. இந்தியச் சிலந்திகளை ஆராய்வோர் இன்றும் முதலில் புரட்ட வேண்டிய நூல் அது. பின்னாளில் அவர் லண்டன் விலங்குக் காட்சிசாலையின் பொறுப்பேற்று, பாலூட்டிகளின் வகைப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார். சிலந்தியியலுக்கு அது பேரிழப்பு.

போகாக்குக்கு வந்த மாதிரிகளில் தமிழ்நாட்டின் பங்கு சிறப்பானது. ரெகாலிஸின் வகைமாதிரி, அதாவது இனத்தை முதலில் விவரிக்க அடிப்படையான மாதிரி, அரக்கோணத்தில் கிடைத்தது. ஃபார்மோசாவினுடையது சேலம் அருகே காடையாம்பட்டியில். உலோக நீல நிறத்தால் உலகப் புகழ் பெற்ற மெட்டாலிக்கா, ஆந்திரத்தின் குத்தி இரயில்வே மரக்கிடங்கில் அகப்பட்டது. வகைமாதிரி எந்த ஊரில் கிடைத்ததோ அதுவே இனத்தின் ஊராகப் பதிவாகும். குத்தி விஷயத்தில் இந்த விதி ஆய்வாளர்களை நெடுங்காலம் தவறான இடத்தில் தேட வைத்தது. 102 ஆண்டுகள் கழித்து, 2001-இல், அங்கிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் வெட்டிச் சாய்த்த மரமொன்றின் பொந்தில் அது மீண்டும் கிடைத்தது. முதல் சிலந்தி மரக்கட்டையோடு இரயிலேறி வந்தது என்பதே பொருத்தமான விளக்கம். கோயம்புத்தூரின் ஜூ அவுட்ரீச் அமைப்பைச் சேர்ந்த சஞ்சய் மோலூர், டேனியல், மஞ்சு சிலிவால் ஆகியோர் 2004-இல் அதன் பரவலை வரையறுத்து வெளியிட்டனர்.

இனம் பிரிக்கும் முறை

பொதுவாகச் சிலந்திகளின் இனத்தை உறுதி செய்பவை இனப்பெருக்க உறுப்புகள்: ஆணுக்கு உணர்கால் நுனியிலுள்ள குமிழ், பெண்ணுக்கு வயிற்றுக்குள் இருக்கும் விந்துப்பை. டாரன்டுலாப் பெண் சட்டை உரிக்கும்போது விந்துப்பையின் உள்தோலும் சேர்ந்தே கழன்று வரும். காய்ந்து சுருண்ட அந்தச் சட்டையை நீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியைக் கிழியாமல் விரித்து நுண்ணோக்கியில் வைத்தால் பையின் வடிவம் தெரியும். உயிரைக் கொல்லாமலே செய்யக்கூடிய நேர்த்தியான வேலை இது.

ஆனால் புலிமுகச் சிலந்திகளில் இவ்வுறுப்புகள் இனத்துக்கு இனம் மிகச் சிறிதே வேறுபடுகின்றன. எனவே முன்காலின், பின்காலின் அடிப்புறத்தில் உள்ள மஞ்சள், கறுப்புப் பட்டைகளின் அகலமும் வரிசையுமே கைகொடுக்கின்றன. ரெகாலிஸ் பெண்ணின் அடிவயிற்றில் குறுக்கே ஓடும் வெளிர்ப் பட்டை அதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும். மெட்டாலிக்காவின் நீலத்தில் நிறமியே கிடையாது. மயிரின் நுண்கட்டமைப்பில் ஒளி சிதறுவதால் எழும் நிறம் அது.

ஒரே சிலந்திக்கு இருவர் இரு பெயர் சூட்டினால் முதலில் அச்சேறியது நிற்கும். 1996-இல் பீட்டர் கிர்க் இலங்கைச் சிலந்தி ஒன்றுக்கு ஸ்மிதி என்று பெயரிட்டார். போகாக்குக்குப் பின் நிலைத்த முதல் புதிய இனம் அதுதான். அதே ஆண்டில் சார்பென்டியர் அதற்கே சூட்டிய போகோக்கி இணைப்பெயராகத் தள்ளப்பட்டது. 2001-இல் கிர்க் வைத்த பெடர்செனி, போகாக்கின் விட்டாட்டாவே என்பது பின்னர் தெளிவாயிற்று.

புதிய இனங்கள்

2004-இல் ஆண்ட்ரூ ஸ்மித் இராமேசுவரத்துச் சிலந்திக்கு, அங்குள்ள அனுமன் கோயிலின் பெயரால் ஹனுமவிலாசுமிகா எனப் பெயரிட்டார். பழைய புளியந்தோப்புகளே அதன் புகலிடம். இலங்கை உள்நாட்டுப் போர் முடிந்த 2009-இல் வடஇலங்கையின் மாங்குளத்தில் ஊரார் அடித்த ஆண் சிலந்தி ஒன்று ரணில் நாணயக்காரவின் குழுவிடம் வந்து சேர்ந்தது. தேடிப் போனவர்களுக்கு, மரங்களிலும் பழைய மருத்துவமனையின் மருத்துவர் விடுதியிலும் மேலும் சில கிடைத்தன. 2012-இல் அதற்கு ராஜேயி என்ற பெயர் வந்தது. தேடலில் உதவிய காவல் ஆய்வாளர் ஒருவரைச் சிறப்பிக்கும் பெயர் இது. காற்பட்டைகளின் அமைப்பைக் கொண்டே இது தனி இனமாக விவரிக்கப்பட்டது. 2020-இல் ஸ்ரீலங்கென்சிஸ் சேர்ந்தது.

நஞ்சும் பாதுகாப்பும்

கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும், உயிரிழப்பு பதிவாகவில்லை. மெட்டாலிக்காவின் வாழிடம் 100 சதுர கி.மீ.க்கும் குறைவு என்பதால் அது மிக அருகிய இனம். 2019-இல் பேரினம் முழுவதும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது.